ஃபைல் எல்லாம் வந்துவிட்டது, டெம்ப்ளேட் எங்கே?

புதுக் கணினி வாங்கிய அன்று சிக்கல் எதுவும் தெரியாது. படங்கள் வந்துவிட்டன, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் அப்படியே வந்துவிட்டது, வேர்டும் எக்செலும் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலையில் வேலைக்கு உட்காரும்போதுதான் தெரியும். எழுத்துரு வேறாக இருக்கிறது. மேலே அடுக்கி வைத்திருந்த பொத்தான்களைக் காணோம். நான்கு எழுத்து தட்டினால் சங்கத்தின் முழு முகவரியும் வந்து விழுமே, அது விழவில்லை. புதுக் கடிதம் தொடங்கலாம் என்று போனால் கடிதத் தலைப்பு டெம்ப்ளேட்டே இல்லை. எல்லாவற்றையும்தானே எடுத்து வந்தோம் என்று தோன்றும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை மாற்ற வேண்டிய கட்டாயம் பலருக்கு வந்தது. இங்கே சிங்கப்பூரில் துணைப்பாட ஆசிரியர்கள், சிராங்கூன் சாலைக் கடைகளில் கணக்கு எழுதுபவர்கள், கோயில்களிலும் சங்கங்களிலும் செயலாளர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர்கள் என்று, ஆண்டுக்கணக்கில் ஒரே கணினியைத் தங்கள் கைக்கு ஏற்றபடி பழக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் இதில் அதிகத் தலைவலி. அவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கணினி அறிவு பெரிதாக வேண்டாம். காப்பி, பேஸ்ட் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். கணினியில் இருப்பவை மூன்று வகை. ஒன்று மென்பொருள்: வேர்ட், எக்செல், ஃபோட்டோஷாப். இதைக் காப்பி செய்து கொண்டுவர முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். இரண்டாவது, நீங்கள் உருவாக்கிய கோப்புகள். மூன்றாவது, அந்த மென்பொருள் உங்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் சொல்லி வைத்தவை. எந்த எழுத்துரு, எந்தப் பொத்தான் எங்கே, எந்தச் சுருக்கத்துக்கு எந்த விரிவு, எந்தச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு போடக் கூடாது என்பதெல்லாம் இதில் அடங்கும். விட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். காரணம் எளிது. அது உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இல்லை. நீங்கள் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது.

டெம்ப்ளேட் என்பது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் பிராணி. அதுவும் ஒரு கோப்புதான். ஆனால் அதைத் திறந்தால் அது திறப்பதில்லை. தன்னைப் போலவே ஒரு புதுக் கோப்பை உருவாக்கிக் கொடுத்துவிட்டுத் தான் மாறாமல் இருந்துகொள்ளும். தலைப்பு, ஓரம், எழுத்துரு, கையெழுத்திடும் இடம் எல்லாம் தயாராக இருக்கும். பழைய கடிதத்தையே திறந்து, பெயரை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பவர்கள் நம்மில் நிறைய. அது டெம்ப்ளேட் ஆகாது. அப்படிச் செய்யும்போதுதான் போன வருடத்துப் பெற்றோரின் பெயரோடு இந்த வருடத்துப் பெற்றோருக்குக் கடிதம் போகிறது.

செட்டிங்ஸ் எங்கே ஒளிந்திருக்கின்றன?

விண்டோஸில் நான்கு இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் இடம் ஆப்டேட்டா என்ற ஃபோல்டர். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா. போய்த் தேடினால் இருக்காது, ஏனென்றால் விண்டோஸ் அதை மறைத்து வைக்கிறது. யாராவது தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பதற்காக. எளிய வழி: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ரன் என்ற சிறு பெட்டி வரும். அதில் ஒரு சதவிகிதக் குறி, உடனே இடைவெளி இல்லாமல் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில், மறுபடி ஒரு சதவிகிதக் குறி. என்டர் தட்டினால் நேராக உள்ளே கொண்டுபோய் விடும். உள்ளே என்றால், ஆப்டேட்டாவில் இருக்கும் ரோமிங் என்ற உள் ஃபோல்டருக்குள். ஆப்டேட்டாவில் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று உண்டு. பெரிய அலுவலகங்களில் ஒருவர் எந்த மேசையில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் அவருடைய செட்டிங்ஸ் கூடவே வர வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது ரோமிங். லோக்கலில் பெரும்பாலும் அந்தக் கணினிக்கு மட்டும் உரியவையும் தற்காலிகக் குப்பைகளும் கிடக்கும். ஆகவே நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி ரோமிங்கில்தான்.

இரண்டாவது இடம் ரெஜிஸ்ட்ரி. விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் சின்னச் சின்ன விருப்பங்களை எழுதி வைக்கும் பெரிய பதிவேடு இது. இதைக் கோப்பு போலக் காப்பி செய்ய முடியாது. ஒரு பகுதியை ஏற்றுமதி செய்து புதுக் கணினியில் இறக்கலாம் என்றாலும், தொடக்க நிலையில் இருப்பவர்கள் கை வைக்காமல் இருப்பதே நல்லது. ரெஜிஸ்ட்ரியில் இருப்பவை பெரும்பாலும் டிக் குறிகள். கைப்பேசியில் செட்டிங்ஸ் பக்கங்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, புதுக் கணினியில் பார்த்துப் பார்த்து மறுபடி போட்டுவிடலாம். அரைமணி நேர வேலை.

மூன்றாவது இடம் உங்கள் கணக்கு, அதாவது மைக்ரோசாஃப்ட், கூகுள், அடோபி போன்ற நிறுவனங்களின் சர்வர். லாகின் செய்ததும் குரோம் உலாவியின் புக்மார்க்குகள் தாமாக வந்து சேருவது இதனால்தான். நான்காவது இடம் கோப்பின் உள்ளேயே. ஓர் எக்செல் கோப்பில் நீங்கள் போட்ட நெடுவரிசை அகலமும் சூத்திரங்களும் அதற்குள்ளேயே இருப்பதால் எங்கே கொண்டுபோனாலும் கூட வரும்.

இந்த நான்கும் புரிந்துவிட்டால் எந்த மென்பொருளுக்கும் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்: நான் மாற்றி வைத்த இந்த விஷயம் நான்கில் எங்கே இருக்கிறது? கணக்கிலோ கோப்பிலோ இருந்தால் கவலை இல்லை. ஆப்டேட்டாவில் இருந்தால் கையால் எடுக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் இருந்தால் படம் பிடித்து வைக்க வேண்டும்.

வேர்ட்: எல்லாம் ஒரே இடத்தில் இல்லை

அதிகம் கேட்கப்படுவது வேர்டைப் பற்றித்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வேர்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது அது உண்மையில் வெறுமையாகப் பிறப்பதில்லை. நார்மல் என்ற பெயருள்ள ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து பிறக்கிறது. வழக்கமான எழுத்துரு, பக்க ஓரம், ஸ்டைல்கள், நீங்கள் பதிவு செய்த மேக்ரோக்கள் (பல படி வேலையை ஒரே தட்டில் முடிக்கும் கட்டளைத் தொகுப்புகள்), ஆட்டோடெக்ஸ்ட் துண்டுகள் எல்லாம் அந்த ஒரு கோப்பில். அது இருக்கும் இடம் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ். அந்தக் கோப்பு காணாமல் போனால் வேர்ட் புகார் சொல்லாது. சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு தன் வேலையைத் தொடங்கிவிடும். புதுக் கணினியில் நடப்பதும் அதுதான்.

மாற்றும் விதம் இது. புதுக் கணினியில் வேர்டை ஒருமுறை திறந்து மூடுங்கள். அப்போதுதான் வேண்டிய ஃபோல்டர்கள் உருவாகும். வேர்ட் முழுவதுமாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கும் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் வேர்ட் திறந்திருக்கும்போது நார்மலைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பழையதை அதன்மேல் வைக்க முயன்றால் விடாது, அல்லது மூடும்போது தன்னிடம் இருப்பதை எழுதிவிடும். பிறகு புதுக் கணினியில் இருக்கும் நார்மலை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள், நார்மல் பழசு என்றோ ஏதோ. அதன்பின் பழைய கணினியிலிருந்து எடுத்து வந்த நார்மலை அங்கே வையுங்கள். வேர்டைத் திறந்தால் பழைய எழுத்துருவும் மேக்ரோக்களும் வந்திருக்கும். ஏதாவது கோளாறு என்றால் பெயர் மாற்றி வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நார்மலை மட்டும் எடுத்து வந்து எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் பாதிதான் வந்திருக்கும். வேர்ட் தன் சொத்தைப் பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது.

குயிக் பார்ட்ஸ் என்ற பகுதியில் நீங்கள் சேமித்த துண்டுகள், அதாவது முழு முகவரி, வழக்கமான நன்றியுரை போன்றவை, பில்டிங் பிளாக்ஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கலாம். ரோமிங், மைக்ரோசாஃப்ட், டாக்குமெண்ட் பில்டிங் பிளாக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் மொழி எண், அதற்குள் 16 என்ற ஃபோல்டர். ஆஃபிஸ் 2016, 2019, 2021, 365 எல்லாவற்றுக்கும் உள்ளே பதிப்பு எண் 16-தான், அதனால் பயப்பட வேண்டாம்.

சொந்த அகராதி இன்னோர் இடம். பெயர்களுக்கும் ஊர்களுக்கும் சிவப்புக் கோடு போடாதே என்று ஆண்டுக்கணக்கில் வேர்டுக்குக் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். சிராங்கூன், பொங்கோல், திருவள்ளுவர், பக்கத்து வீட்டு மீனாட்சிசுந்தரம் எல்லாம் ஆங்கில எழுத்தில் அங்கே இருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் யூப்ரூஃப் என்ற ஃபோல்டரில் கஸ்டம் என்ற பெயரில் இருக்கும் அந்தக் கோப்பு வெறும் சொற்பட்டியல். நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். திறக்கும்போது ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். தவறான எழுத்துக்கூட்டல் ஒன்றை எப்போதோ அகராதியில் சேர்த்திருப்பீர்கள், அது இத்தனை நாளாகத் திருத்தப்படாமல் தப்பித்துக்கொண்டிருக்கும்.

ஆட்டோகரெக்ட் கொஞ்சம் விசித்திரம். நான்கு எழுத்து தட்டினால் முழு முகவரி வரும் வித்தைக்குப் பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதன் பட்டியல் மொழிக்கு ஒரு கோப்பாக இருக்கும். ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் ஆஃபிஸ். கோப்பின் பெயரில் எம்எஸ்ஓ என்பதை அடுத்து ஓர் எண் இருக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1033, சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கு 18441, தமிழுக்கு 1097. இந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். பழைய கணினியில் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியிருப்பீர்கள், புதுக் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் தொடங்கியிருக்கும். கோப்பைச் சரியான இடத்தில்தான் வைத்தேன், ஆனாலும் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கோப்பில் தவறில்லை. வேர்ட் வேறு மொழியின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மொழியை மாற்றினால் சரியாகிவிடும். இன்னொன்று: தடித்த எழுத்து, வண்ணம், படம் எல்லாம் சேர்ந்த ஆட்டோகரெக்ட் விரிவுகள் இந்தக் கோப்பில் இராது, நார்மலில் இருக்கும்.

மேலே உள்ள பொத்தான் வரிசைக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் ஒரு நேரான வழி வைத்திருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் கீழே இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்ற பொத்தான் இருக்கும். பழைய கணினியில் எக்ஸ்போர்ட் செய்து, புதுக் கணினியில் இம்போர்ட் செய்யுங்கள். இம்போர்ட் செய்ததும் அங்கே ஏற்கெனவே நீங்கள் மாற்றி வைத்தது எல்லாம் போய்விடும்; சேர்த்து வைக்காது, மேலெழுதும். அதனால் இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு புதிய பொத்தான்களைச் சேருங்கள்.

நீங்களே உருவாக்கிச் சேமித்த டெம்ப்ளேட்டுகள், அதாவது கடிதத் தலைப்பு, தேர்வுத்தாள், கூட்டக் குறிப்பு, பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரிலேயே கஸ்டம் ஆஃபிஸ் டெம்ப்ளேட்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆஃபிஸ் 2013 முதல் இப்படித்தான். அப்படியானால் டாக்குமெண்ட்ஸோடு சேர்ந்து வந்திருக்க வேண்டுமே, ஏன் கண்ணில் படவில்லை? வந்துதான் இருக்கும். ஆனால் புதுக் கணினியில் உங்கள் டாக்குமெண்ட்ஸ், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் குடிபோயிருக்கலாம். ஃபோல்டர் ஓர் இடத்தில், வேர்ட் தேடுவது வேறோர் இடத்தில். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்ற பக்கத்தில் சொந்த டெம்ப்ளேட்டுகள் இருக்கும் இடத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே சரியான ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், புதுக் கோப்பு தொடங்கும் பக்கத்தில் பெர்சனல் என்ற தலைப்பின்கீழ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இன்னொரு சின்னப் பொறி உங்கள் பெயரிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸை அமைத்தால், யூசர்ஸில் உங்கள் ஃபோல்டருக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளைத்தான் அது பெயராக வைக்கும். பழைய கணினியில் முழுப் பெயரில் இருந்த ஃபோல்டர் புதியதில் அரைப் பெயரோடு நிற்கும். பழைய முகவரியை அப்படியே எழுதி வைத்திருக்கும் மேக்ரோக்களும், எக்செல் கோப்புகளுக்கு இடையிலான இணைப்புகளும் இதனால்தான் அறுபடுகின்றன.

எக்செல், அவுட்லுக்

எக்செலில் எல்லாக் கோப்பிலும் வேலை செய்யும் மேக்ரோக்கள் வைத்திருந்தால் அவை பெர்சனல் என்ற மறைவான பணிப்புத்தகத்தில் இருக்கும். ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்செல், எக்ஸ்எல்ஸ்டார்ட். அதை அப்படியே எடுத்து வந்து அதே இடத்தில் வையுங்கள். மேக்ரோ எழுதியது வெகு காலத்துக்கு முன் என்றால், இப்போதைய ஆஃபிஸ் பெரும்பாலும் 64 பிட் என்பதால் சில பழைய வரிகள் அடம்பிடிக்கலாம். எழுதிக் கொடுத்தவரைத்தான் பிடிக்க வேண்டும். டெம்ப்ளேட்டை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி இறக்கினால் விண்டோஸ் அதை வெளியிலிருந்து வந்த கோப்பு என்று முத்திரை குத்தி, மேக்ரோவைத் தடுத்துவிடும். கோப்பின் பிராப்பர்டீஸில் அன்பிளாக் என்று இருக்கும். உங்கள் கோப்புதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதில் டிக் போடுங்கள்.

அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் மின்னஞ்சல் கையெழுத்துகள் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் சிக்னேச்சர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். புதிய அவுட்லுக் அந்த ஃபோல்டரைப் பார்ப்பதில்லை. கையெழுத்தை ஒரு வேர்ட் கோப்பில் ஒட்டி எடுத்து வந்து மறுபடி பேஸ்ட் செய்வதுதான் சுலபம்.

விலைப்பட்டியல் டெம்ப்ளேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுக் கணினிக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அதைத் திறந்து பொருள் சேவை வரியைப் பாருங்கள். 2022 வரை 7 விழுக்காடு, 2023-இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. மூன்று விகிதத்தையும் கண்ட டெம்ப்ளேட்டில் மேலே 9 என்று இருக்கும், எங்கோ ஒரு மூலையில் சூத்திரத்துக்குள் 1.07 என்று பழைய எண் உறங்கிக்கொண்டிருக்கும். வரி விகிதத்தை ஒரே ஒரு கட்டத்தில் எழுதி, மற்ற சூத்திரங்கள் எல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்படி செய்துவிட்டால் அடுத்த முறை மாறும்போது ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

தமிழ் எழுத்துருக்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் இந்தப் பகுதி இருப்பதில்லை. நமக்கோ பாதிச் சிக்கல் இங்கேதான்.

தமிழ்க் கணிமையில் சிங்கப்பூருக்கு நல்ல பழைய உறவு உண்டு. நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளை உருவாக்கியதும், 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளைத் தனக்குப் பிடித்த எண்களில் வைத்துக்கொண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே எண் என்ற பொது முறையான யூனிகோடு பரவாத காலம் அது. ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும்தான்.

அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழ் டெம்ப்ளேட், திருவிழா நிகழ்ச்சி நிரல், பழைய வினாத்தாள் இன்னும் பலரிடம் இருக்கிறது. பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் இத்தனை நாள் ஓடியது. புதியதில் அது இல்லை. அதனால் பழைய கணினியை விட்டுப் பிரியும்முன் செய்ய வேண்டிய முதல் வேலை எழுத்துருக்களை எடுப்பது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஓர் இடம். இன்னொன்றும் உண்டு: 2018-க்குப் பிந்திய விண்டோஸ் 10 பதிப்புகளில் சாதாரணமாக நிறுவும் எழுத்துரு ஒரு பயனருக்கு மட்டும் என்று ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் தேடுங்கள். லதா, விஜயா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு தொடர்புடையவை, அவற்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய எழுத்துரு என்றால் அதன் உரிமம் எத்தனை கணினிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் கருத்து, அந்த எழுத்துருவை இன்னும் பத்து ஆண்டு சுமந்துகொண்டு போகாதீர்கள். வேண்டிய டெம்ப்ளேட்டுகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ர, ற, ஒ, ஓ, கொம்பு, துணைக்கால் இருக்கும் இடங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனிக் குறியாகத் தட்டப்பட்டது, யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. தவறு நடக்கிறதென்றால் அந்த இடத்தில்தான்.

விசைப்பலகைக்கு இப்போது கவலை குறைவு. விண்டோஸ் 11-இல் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழி என்ற பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன்கீழ் உங்களுக்குப் பழகிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

ஏ4 தாளும் தேதியும்

இதை டெம்ப்ளேட் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் டெம்ப்ளேட்டைக் கெடுப்பது இதுதான். புதுக் கணினியின் பெட்டியைப் பிரித்து, அவசரத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் வட்டாரம் அமெரிக்கா என்று நின்றுவிடலாம். புதிதாகத் திறக்கும் பக்கம் லெட்டர் அளவுக்குப் போய்விடும். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். லெட்டர் 216 அகலம், 279 உயரம். 18 மில்லிமீட்டர் குட்டை என்பதால் ஒரே பக்கத்தில் அடங்கிய கடிதத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அச்சுப்பொறி வேறு லெட்டர் தாள் கொடு என்று நின்றுகொண்டு அடம்பிடிக்கும். தேதி இன்னும் மோசம். எக்செலில் 3/4 என்று தட்டினால் சிங்கப்பூர் அமைப்பில் அது ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டணப் பட்டியலில் மாதங்கள் குழம்பிய பிறகுதான் தெரியும். செட்டிங்ஸ், நேரமும் மொழியும், வட்டாரம் என்று போய்ச் சிங்கப்பூர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட்டுகளை இடம் மாற்றும்முன் இதைச் செய்துவிடுவது உத்தமம்.

மற்ற மென்பொருள்கள்

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மெனுவில் எக்ஸ்போர்ட், பேக்அப், மைக்ரேட், சிங்க் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே சிறந்த வழி. ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. லிப்ரெஆஃபிஸில் அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். ரோமிங்கில் லிப்ரெஆஃபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர் என்ற ஃபோல்டரை அப்படியே எடுத்து வந்தால் அகராதி, டெம்ப்ளேட், ஆட்டோகரெக்ட் எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும். உங்களிடம் இருப்பது எவ்வளவு புதிய பதிப்பானாலும் அந்த ஃபோல்டரின் பெயர் 4-தான், எண்ணைப் பார்த்துப் பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மேக்கிலிருந்து மேக்குக்குப் போகிறவர்கள் பாக்கியசாலிகள். மைக்ரேஷன் அசிஸ்டன்ட் என்று கூடவே வரும் கருவி செட்டிங்ஸ் உட்பட எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். கையால் தேட வேண்டியிருந்தால், ஃபைண்டரில் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால் மறைந்திருக்கும் லைப்ரரி ஃபோல்டர் தலைகாட்டும்.

விண்டோஸில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லையா என்றால், ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று இருந்தது, விண்டோஸ் 10 வந்தபோது எடுத்துவிட்டார்கள். இப்போதைய விண்டோஸ் பேக்அப் கோப்புகளையும் விண்டோஸின் சொந்த அமைப்புகள் சிலவற்றையும் பார்த்துக்கொள்ளும். வேர்டுக்குள் நீங்கள் செய்து வைத்த அலங்காரங்களுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

எதைக் கொண்டுவரக் கூடாது

ஆப்டேட்டா முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்து புதியதன்மேல் கொட்டுவது பெரிய ஆசை. செய்யாதீர்கள். அதில் பாதி தற்காலிகக் குப்பை, மீதியில் பாதி பழைய கணினியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டது. சேமித்த கடவுச்சொற்கள் அப்படிப்பட்டவை, வேறு கணினியில் திறக்காது. மென்பொருள் உரிமங்களும் அப்படித்தான். பழைய கணினியில் வெளியேறி, புதியதில் நுழைய வேண்டும். புதிய பதிப்பு ஒன்றின்மேல் பழைய பதிப்பின் செட்டிங்ஸைப் போட்டால் மென்பொருள் திறக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு. வேண்டியதைப் பெயர் சொல்லி எடுப்பதுதான் நல்லது.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் ஆப்டேட்டாவில் இறங்கும்முன் அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள். யுஎஸ்பி தடை செய்யப்பட்டிருக்கலாம், எழுத்துரு நிறுவ அனுமதி இல்லாமல் இருக்கலாம். பல இடங்களில் டெம்ப்ளேட்டுகளைப் பொதுவான ஒரு சர்வரில் வைத்திருப்பார்கள், நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய வேலையே இராது.

டெம்ப்ளேட்டுக்குள் பழைய பெயர்கள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். மாணவர் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண், வாடிக்கையாளர் முகவரி. கோப்பின் இன்ஃபோ பக்கத்தில் இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட் என்று ஒரு கருவி இருக்கிறது; எழுதியவர் பெயர், மறைந்திருக்கும் குறிப்புகள் போன்றவற்றைத் தேடிக் காட்டும். சங்கமோ துணைப்பாட நிலையமோ நடத்துபவர்களுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதால் இது வெறும் சுத்தபத்தம் மட்டுமல்ல.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. புதுக் கணினியில் ஒரு கடிதம், ஒரு விலைப்பட்டியல், ஒரு தமிழ்க் கோப்பு மூன்றையும் டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கி, அச்சிட்டும் பாருங்கள். திரையில் சரியாக இருப்பது தாளில் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய கணினியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாமல் ஒரு மாதமாவது அலமாரியில் வைத்திருங்கள். மாதக் கடைசியில் மட்டும் பயன்படும் மேக்ரோ மாதக் கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதன்பின் ஒன்டிரைவிலும் மற்ற கணக்குகளிலும் வெளியேறி, விண்டோஸின் ரீசெட் வசதியில் எல்லாவற்றையும் அழித்து, டிரைவைத் துடைக்கும் வழியையும் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். வெளியே போடுவதாக இருந்தால் குப்பைக் குழாயில் அல்ல. 2021 ஜூலை முதல் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் திட்டத்தின்கீழ் மின்கழிவுக்கென்று தனிச் சேகரிப்பு நடக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் இருக்கின்றன. மடிக்கணினி என்றால் தொட்டியின் வாய்க்குள் போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.